பிர்கா ‘பாதுகாப்பானது’, போர்வெல்லில் மட்டும் புழுதி

ஐயாவுக்கு வணக்கம்.

அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டு அறிக்கையில் எங்கள் பிர்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) ‘பாதுகாப்பானது’ என்ற பட்டியலில் இருக்கிறது. ஆனால் போன சித்திரையில் 820 அடி போட்ட போரில் புழுதிதான் வந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் 30 அடியிலேயே தண்ணீர் நிற்கிறது. இவர்கள் ஊருக்கு வராமலே எழுதிவிடுகிறார்களா?

— கொங்குப் பகுதி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வருகிறார்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருடத்துக்கு நான்கு முறை, ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில், கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் அளக்கிறது. மாநில நீர்வளத் துறைக்கும் தனியாகக் கிணறுகள் உண்டு. ஆனால் அந்த அறிக்கை பேசுவது பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி. நீங்கள் 820 அடியில் தேடியது வேறு தண்ணீர்.

உங்கள் பகுதியில் அடியில் கிடப்பது நைஸ், சார்னோகைட் போன்ற கெட்டிப் பாறை. அதன் மேல் சிதைந்த பாறையும் மண்ணும் ஒரு போர்வை மாதிரி. மழை நீர் தங்குவது பெரும்பாலும் இந்தப் போர்வையில். போர் போடும்போது மண் சரியாமல் இருக்க, கெட்டிப் பாறை தட்டும் வரை கேசிங் பைப் இறக்குவார்கள். மேல் தண்ணீர் அங்கேயே அடைபட்டுவிடும். அதற்குக் கீழே விரிசல் குறுக்கிட்டால்தான் ஊற்று. ஆழம் போகப் போக விரிசல்கள் அரிதாகும், இறுகும். இன்னும் 200 அடி போடலாமா என்று போர் வண்டிக்காரரிடம் கேட்பது, லாட்டரிக் கடைக்காரரிடம் சீட்டு வாங்கலாமா என்று கேட்பது போலத்தான்.

‘பாதுகாப்பானது’ என்ற சொல்லுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வருடத்தில் எடுக்கத்தக்க நீரில் 70 சதவீதத்துக்குள் எடுத்தால் அந்தப் பெயர். 90 வரை ‘மிதமான அபாயம்’, 100 வரை ‘அபாயம்’, அதற்கு மேல் போனால் ‘மிகை நுகர்வு’. எவ்வளவு ஊறியது என்பதை, மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம் எத்தனை மீட்டர் ஏறியது என்று பார்த்து, பரப்பாலும் பாறையின் நீர் விடும் திறனாலும் பெருக்கி எடுக்கிறார்கள். களி குறைந்த சிதைந்த பாறைக்கு அந்தத் திறன் சுமார் 3 சதவீதம். ஒரு ஹெக்டேரில் மட்டம் ஒரு மீட்டர் ஏறினால் 3 லட்சம் லிட்டர். மணிக்கு 10,000 லிட்டர் இறைக்கும் மோட்டாருக்கு அது 30 மணி நேர வேலை, அவ்வளவுதான்! எடுத்த நீருக்கோ மீட்டர் கிடையாது. இலவச மின்சாரம் என்பதால் கிணற்று எண்ணிக்கையை, ஒரு கிணறு சராசரியாக இறைக்கும் அளவால் பெருக்குகிறார்கள். கணக்கின் பலவீனமான கால் இதுதான் என்பது என் எண்ணம்.

சராசரியில் இன்னொரு பள்ளம் உண்டு. ஐந்து கிணறுகளில் நீர்மட்டம் தரையிலிருந்து 6, 8, 9, 14, 17 மீட்டரில் இருப்பதாக வையுங்கள். சராசரி 10.8. அடுத்த வருடம் எல்லாவற்றிலும் ஒரு மீட்டர் இறங்குகிறது. கடைசிக் கிணற்றின் ஆழமே 17.5 மீட்டர் என்பதால் அது வற்றிவிட்டது, அளவு இல்லை. மீதி நான்கின் சராசரி 10.25. தண்ணீர் இறங்கியிருக்கிறது, அட்டவணையில் ஏறியிருக்கிறது. எனவே சராசரியை விட்டுவிட்டு, உங்களுக்குப் பக்கத்தில் உள்ள ஒரே கிணற்றின் பத்து வருட மே மாத அளவுகளைத் தேடிப் பாருங்கள். மத்திய அரசின் நீர்வளத் தகவல் தளமான இந்தியா-டபிள்யூஆர்ஐஎஸ்-ல் கிணறுவாரியாகக் கிடைக்கும்.

நீங்களே அளக்கவும் முடியும். எடை கட்டிய எஃகு டேப்பின் கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸ் பூசி இறக்குங்கள். கிணற்றுச் சுவரில் பெயின்டால் ஒரு புள்ளி வைத்து, அதில் 10 மீட்டர் கோட்டைப் பிடித்தீர்கள், நனைந்த தடம் 0.62-ல் இருக்கிறது என்றால் நீர்மட்டம் 9.38 மீட்டர். அதில் சுவரின் உயரத்தைக் கழிக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சுவரை எடுத்துக் கட்டினால் பழைய அளவுகளோடு ஒப்பிடும் முன் புதிய உயரத்தை அளந்துகொள்ளுங்கள். காலையில் மோட்டார் போடும் முன் அளக்க வேண்டும். இரவில் மின்சாரம் வந்து ஓட்டியிருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், மட்டம் மீண்டிருக்காது.

ஓடும் போரில் டேப் விடாதீர்கள், கேபிளில் சிக்கும். அடுத்த முறை மோட்டாரைத் தூக்கும்போது, அடி திறந்த முக்கால் அங்குல பிவிசி பைப் ஒன்றையும் சேர்த்து இறக்கச் சொல்லுங்கள். பஸ்ஸர் வைத்த மின் அளவியை அதற்குள் விடலாம். வெறும் கேசிங்கில் விட்டால், சுவரில் வடியும் நீர் பட்டே பஸ்ஸர் கத்திவிடும்.