அக்காவுக்கு மனச்சிதைவு... எனக்கும் வருமா?

கேள்வி: என் அக்காவுக்கு 22 வயதில் மனச்சிதைவு வந்தது. மாத்திரையில் நன்றாக இருக்கிறாள். எனக்கு வயது 31, வரன் பார்க்கிறார்கள். எனக்கும் வருமா? பிறக்கப்போகும் பிள்ளைக்கு?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பொதுவாக நூறு பேரில் சுமார் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் (மனச்சிதைவு, ஆங்கிலத்தில் ஸ்கிசோஃப்ரினியா) வருகிறது. கூடப்பிறந்தவருக்கு இருந்தால் அது நூற்றுக்கு ஏறத்தாழ 9. மீதி 91 பேருக்கு வருவதில்லை. அந்த 9 என்பதும் முழு ஆயுளுக்கான கணக்கு. நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து 35 வயதுக்குள் தலைகாட்டும். பெண்களுக்குச் சில ஆண்டுகள் தள்ளி வரலாம். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் தொடங்குபவர்களும் உண்டு. நீங்கள் 31 வயதுவரை அறிகுறி ஏதுமின்றி வந்திருப்பதால், அபாயத்தில் பெரிய பங்கைத் தாண்டிவிட்டீர்கள்.

உங்கள் பிள்ளைக்கு அக்கா பெரியம்மா முறை. நீங்களும் கணவரும் நலமாக இருந்தால், பிள்ளைக்கான வாய்ப்பு நூற்றுக்கு 3 அல்லது 4. இதற்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கவும் வேண்டாம். அவர்கள் பக்கத்திலும் இதே நோய் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே முடிப்பதாக இருந்தால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்: நோயுள்ள ஒரே குடும்பத்தின் மரபணுக்கள் பிள்ளைக்கு இரண்டு வழியாகவும் வந்து சேரும்.

கேள்வி: மனச்சிதைவில் மரபின் பங்கு 80 சதவீதம் என்று படித்தேன். என் கணவருக்கு இந்த நோய் உண்டு. மகனுக்கு 80 சதவீதம் வந்துவிடும் என்றுதானே அர்த்தம்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: இல்லை. எத்தனையோ தாய்மாரின் தூக்கத்தைக் கெடுக்கும் எண் இது. ஒரு மக்கள்தொகையில் சிலருக்கு நோய் வருகிறது, பலருக்கு வருவதில்லை. அந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மரபணு வேறுபாடுகள் விளக்குகின்றன என்பதைத்தான் 80 சதவீதம் சொல்கிறது. ஒரு தனி மனிதருக்கு நோய் வரும் வாய்ப்பு அது அல்ல. டென்மார்க்கின் தேசிய மருத்துவப் பதிவேடுகளை வைத்து 2010-இல் வெளியான ஆய்வில், பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைகளில் 7 சதவீதம் பேருக்கும், இருவருக்கும் இருந்தால் 27 சதவீதம் பேருக்கும் வந்திருந்தது. அதே நாட்டில் 2018-இல் வெளியான இரட்டையர் ஆய்வில், மரபணு அச்சாக ஒன்றாகவே உள்ள ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வந்தது மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான். அந்த ஆய்வும் மரபின் பங்கை 79 சதவீதம் என்றே கணித்தது. இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் உண்மை.

‘தாய் வளர்த்த விதம் சரியில்லை’ என்று யாராவது பழி சொன்னால் இதைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் ஓரிகனில், மனச்சிதைவு இருந்த தாய்மாரிடமிருந்து பிறந்த சில நாட்களிலேயே பிரித்து வேறிடத்தில் வளர்க்கப்பட்ட 47 பேரை லியனார்ட் ஹெஸ்டன் ஆராய்ந்து, 1966-இல் வெளியிட்டார். அவர்களில் 5 பேருக்கு நோய் வந்தது. நோயில்லாத தாய்மாருக்குப் பிறந்து அதேபோல் வளர்ந்த 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

கேள்வி: எச்சில் மாதிரி அனுப்பினால் மரபணுப் பரிசோதனை செய்து சொல்கிறார்களாம். செய்யலாமா?
– வாசகர், கோவை

பதில்: இதற்காகச் செய்யாதீர்கள். 2022-இல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வு, இந்நோயோடு தொடர்புள்ள 287 மரபணு இடங்களைக் காட்டியது. அவற்றில் ஏறக்குறைய ஒவ்வொன்றும் வாய்ப்பைக் கடுகளவுதான் கூட்டும். எல்லாவற்றையும் கூட்டி மதிப்பெண் போட்டாலும், ஒருவருக்கு வரும், வராது என்று சொல்ல அது போதாது. அந்த மதிப்பெண்களும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானவை. நம்மவர்களிடம் துல்லியம் குறையும். தென்னிந்தியர் சுமார் 3,000 பேரை வைத்து, சென்னையின் மனநல ஆராய்ச்சி நிறுவனமான ‘ஸ்கார்ஃப்’ பங்கேற்ற ஆய்வு 2019-இல் வந்தது. 8-ஆவது குரோமோசோமில் நியாசின் (வைட்டமின் பி3) உடலில் பயன்படும் விதத்தோடு தொடர்புள்ள ஒரு பகுதியை அது சுட்டியது. அதைப் படித்துவிட்டு நியாசின் மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். அது சிகிச்சையாக நிறுவப்படவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. 22-ஆவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. நோயாளிக்குப் பிறவி இதயக் கோளாறு, அண்ணப்பிளவு அல்லது மூக்கால் பேசுவது, ரத்தத்தில் கால்சியம் குறைவு, சிறு வயதிலேயே படிப்பில் பின்தங்கல் ஆகியவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து இருந்தால் மருத்துவரிடம் சொல்லி, இப்படி விடுபட்ட சிறு துண்டையும் காட்டும் ‘குரோமோசோமல் மைக்ரோஅரே’ பரிசோதனையைக் கேளுங்கள். குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சாதாரண கேரியோடைப் பரிசோதனையில் இந்தத் துண்டு தப்பிவிடும். கண்டுபிடிப்பதால் பலன் உண்டு: கால்சியம் குறைந்தால் வலிப்பு வரும், மனச்சிதைவுக்குத் தரப்படும் க்ளோசபின் மருந்தும் வலிப்பு வாய்ப்பைக் கூட்டும். தெரிந்தால் முன்கூட்டியே கால்சியத்தைச் சரிசெய்து, மருந்தை மெதுவாக ஏற்றலாம்.

கேள்வி: அண்ணனுக்கு இந்த நோய். கல்லூரியில் படிக்கும் தம்பியை எப்படிப் பாதுகாப்பது?
– வாசகர், மதுரை

பதில்: முதலில் கஞ்சா. குடும்பத்தில் நோய் உள்ள பையனுக்கு அது இரட்டை ஆபத்து என்பதை மிரட்டாமல், காரணத்தோடு சொல்லுங்கள். வீட்டில் ஓயாமல் குறைசொல்வதை நிறுத்துங்கள். திடீரென்று நண்பர்களை விலக்குதல், மதிப்பெண் சரிதல், இரவு முழுதும் விழித்திருத்தல், யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற சந்தேகம், தனியே பேசுதல் – இவை சில வாரங்கள் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் மீள்வதைக் கடினமாக்கும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான ‘டெலி மானஸ்’ 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.