பாதியில் நிறுத்தினால்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயியின் மகள் நான். குடிமைப்பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதித் தேறிவிட்டேன். அடுத்த மாதம் டெல்லியில் நேர்முகத் தேர்வு. அதையும் தமிழில்தான் கேட்டிருக்கிறேன். எண்பது கேள்விகளுக்குப் பதில் எழுதி மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் யாராவது கேட்டால் பாதியில் நின்றுவிடுகிறேன். என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த நோட்டை மூடி வையுங்கள். மொத்தம் 2025 மதிப்பெண்ணில் நேர்முகத்துக்கு 275. பயம் நியாயம்தான். ஆனால் மனப்பாடம்தான் உங்களை நிறுத்துகிறது.

நானும் இப்படி ஒரு வேலைக்குப் போனேன். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றார்கள். ஒப்பிக்க ஆரம்பித்தேன். நடுவில் ஒருவர், 'அந்த ஊரில் மழை எப்படி?' என்றார். பதில் சொல்லிவிட்டு, விட்ட இடம் தெரியாமல் மறுபடி 'என் பெயர்...' என்று தொடங்கினேன். அவர்கள் சிரிப்பை அடக்கியதுதான் எனக்கு மறக்கவில்லை. வேலை? கிடைக்கவில்லை.

உங்களுக்கு இன்னொரு சிக்கல். அங்கே மொழிபெயர்ப்பாளர் இருப்பார். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். எழுத்து நடையில் நீளமாக இழுத்தால், நீங்கள் ஆதரிக்கிறீர்களா எதிர்க்கிறீர்களா என்று தெரியாமல் அவர் காத்திருப்பார். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள்.

இ-பாஸையே எடுத்துக்கொள்வோம், அதாவது வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே ஆன்லைனில் வாங்க வேண்டிய அனுமதி. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. ஊட்டி உங்கள் மாவட்டம் என்பதால் கேட்கக்கூடும். 'வேண்டும்' அல்லது 'வேண்டாம்', அதை முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம் சீசனில் நீங்களே பஸ்ஸில் மாட்டிக்கொண்ட ஒரு நாள். அப்புறம், அறை வாடகையையும் டாக்ஸியையும் நம்பியிருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது. இந்த மூன்றும் நினைவில் இருந்தால் போதும், சொற்கள் தானாக வரும். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வந்தால் இன்னும் நல்லது.

போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் பத்து விநாடியில் பதில் வந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். குரல் பிடிக்காமல் போகும். யாருக்கும் தன் குரல் பிடிக்காது. வீட்டில் உங்கள் மலைப்பக்கத்துப் படுகு மொழி பேசுவீர்கள் என்றால் முதலில் அதிலேயே சொல்லிப் பாருங்கள், விஷயம் புரிந்திருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

கண்ணாடி முன்னால் நின்று பேச வேண்டாம். அது குறுக்கே பேசாது. பசுந்தேயிலை விலை ஏன் இப்படிக் கிடக்கிறது என்று இன்று ராத்திரி அப்பாவை உங்களிடம் கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே அவர் குறுக்கிடுவார்.

அன்புடன்.