அட்வான்ஸ் கொடுத்த வீட்டின் ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாமா?

கேள்வி: விற்பனைக்கு என்று வெளியே சொல்லாத வீடுகளைத் தேடிப்பிடித்து, உரிமையாளரிடம் கிரைய ஒப்பந்தம் போட்டு, அதை முதலீட்டாளர்களுக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். மதுரையில் ஒரு பெரியவரின் வீட்டை 62 லட்சத்துக்குப் பேசி, 4 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதக் கெடுவுடன் ஒப்பந்தம் பதிவு செய்தேன். பிறகு ஒரு முதலீட்டாளரிடம் 6 லட்சம் ரொக்கம் வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தேன். இப்போது பெரியவர், "முன்பின் தெரியாதவருக்குக் கிரையம் தர மாட்டேன்" என்கிறார். மகன் தூண்டிவிடுகிறார். நாயாய் அலைந்து பிடித்த வீடு இது. கெடு முடிய 12 நாட்களே உள்ளன. வழக்குப் போடலாமா?

பதில்: நீங்கள் அலைந்ததும் மகன் தூண்டியதும் பிராதில் (நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் வழக்கு மனுவில்) ஒரு வரிக்குக்கூட உதவாது. அனுப்பிய ஒப்பந்த நகலில் நான் தேடியது ஒரே வாசகத்தை: "தங்களுக்கோ தாங்கள் காட்டும் நபருக்கோ கிரையம் எழுதிக் கொடுக்கிறேன்." அது இல்லை. உங்கள் பெயர் மட்டுமே இருக்கிறது.

வாங்குபவரின் உரிமையை மாற்றிக் கொடுக்கலாம் என்பது பொது விதிதான். ஆனால் 58 லட்சம் பாக்கி செலுத்துவது உங்கள் கடமை. விற்பவரின் சம்மதம் இல்லாமல் கடமையை இன்னொருவர் தலையில் ஏற்ற முடியாது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே முதலீட்டாளரால் பெரியவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

நீங்களே வழக்குப் போட்டால்? பலர் விழுவது இங்கேதான். கெடுவுக்குள் மீதித் தொகையுடன் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தீர்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே, "58 லட்சம் உங்களிடம் எங்கே இருந்தது?" என்பதாக இருக்கும். உங்கள் தொழிலின் அடிப்படையே அந்தப் பணம் இல்லாமல் நடத்துவது. முதலீட்டாளருக்கு எழுதிக் கொடுத்த பத்திரமே, நீங்கள் வாங்க நினைக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக எதிர்த்தரப்பு காட்டும் ஆவணமாகிவிடும். கெடு தாண்டினால் தவறு உங்களுடையது. அட்வான்ஸைப் பறிக்கும் ஷரத்து வேறு ஒப்பந்தத்தில் இருக்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து அந்த 6 லட்சம். வீட்டின் மீது உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது; கிரைய ஒப்பந்தம் தானாக எந்த உரிமையையும் உண்டாக்காது என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54-வது பிரிவு சொல்கிறது. "வீடு என் கையில் இருக்கிறது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருந்தாலும் முதலீட்டாளர் நேராகக் காவல் நிலையம் போவார். சிவில் பிரச்சினை என்று நீங்கள் வாதாடலாம்தான், ஆனால் முன்ஜாமீனுக்கு அலைந்துகொண்டே வாதாட வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. ரொக்கம் வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். இத்தகைய ரொக்கம் வழக்கில் பேசப்பட்டால் நீதிமன்றமே வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பிராது தாக்கல் செய்வது உங்களை நீங்களே காட்டிக்கொடுப்பதாகிவிடும்.

ஆகவே வழக்கு வேண்டாம். சமரசம் செய்துகொள்ளுங்கள், இந்த 12 நாட்களுக்குள்.

முதலில் முதலீட்டாளர். 6 லட்சத்தையும் வங்கி வழியாகத் திருப்பிக் கொடுத்து, எழுதிக் கொடுத்த பத்திரத்தின் அசலைத் திரும்ப வாங்குங்கள். செலவழித்துவிட்டிருந்தால் கடன் வாங்கியாவது கொடுங்கள். அவர் பொறுமையாக இருக்கும்போது தீர்ப்பது மலிவு.

அடுத்து பெரியவர். நீங்கள் குறை சொல்லும் அந்த மகனையும் உட்கார வைத்தே பேசுங்கள். அவர் சம்மதிக்காமல் எதுவும் நடக்காது. உங்கள் கையில் நியாயமான ஒரு பிடி உண்டு. பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் நிற்கும்வரை வேறு ஆள் அந்த வீட்டை வாங்கத் தயங்குவார். 4 லட்சத்தைத் திருப்பித் தந்தால் ரத்து ஆவணத்தைப் பதிவு செய்து தருகிறேன் என்று சொல்லுங்கள். இரண்டும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரே நாளில் நடக்கட்டும், பணம் காசோலையாக அல்ல, வரைவோலையாக. பெரியவர் 50,000 பிடித்துக்கொள்கிறேன் என்றாலும் தலையாட்டிவிட்டு வாருங்கள்.