பூஞ்சை இருக்கட்டும், அந்தத் தடிப்பு எப்போது வந்தது?

பூஞ்சை பிடித்த ரொட்டியைப் பாதி தின்ற பிறகுதான் கவனித்திருக்கிறீர்கள். பயந்துபோய், எப்போதோ மீந்த அமாக்ஸிசிலினில் (அது பென்சிலின் வகை மருந்து) இரண்டு காப்ஸ்யூல் போட்டிருக்கிறீர்கள். கல்லீரல் போய்விட்டதா என்று மூன்று பக்கம் எழுதிவிட்டுக் கடைசி வரியில், "அன்றிரவு உடம்பெல்லாம் தடிப்பும் அரிப்பும், காலையில் இல்லை" என்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த ஒரு வரிதான்.

கல்லீரல் பயத்தை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் இணையத்தில் படித்த அஃப்ளடாக்ஸின், ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கும் பொல்லாத நஞ்சுதான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் செத்த பிறகுதான் அது பிடிபட்டது; தீவனத்தில் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு இருந்தது. கடலையும் மக்காச்சோளமும்தான் அந்தப் பூஞ்சைக்கு இஷ்டம். ரொட்டியில் படர்வது பெரும்பாலும் வேறு வகை. கெட்ட தானியத்தை வருடக்கணக்கில் தின்பவர்கள்தான் கல்லீரல் புற்றுநோய்க்குப் பயப்பட வேண்டும். பாதி ரொட்டிக்கு ஸ்கேன் வேண்டாம், லிவர் டானிக் வேண்டவே வேண்டாம். நாக்குக் கசப்பும் கைநடுக்கமும் பயத்தில் வந்தவை. இனி பூஞ்சை கண்டால் முழுசாகத் தூக்கிப் போடுங்கள்; வாட்டினால் நஞ்சு போகாது.

"பென்சிலினும் பூஞ்சையிலிருந்துதானே வருகிறது, அப்படியானால் நல்லதில்லையா?" என்றும் கேட்கிறீர்கள். மருந்து, நஞ்சு என்ற பேதமெல்லாம் பூஞ்சைக்குக் கிடையாது. சாதாரணச் சரக்கை அதன் நொதிகள் எப்படிக் கோக்கின்றன என்பதுதான் விஷயம். பென்சிலியம் பூஞ்சையில் ஒரு பெரிய நொதி மூன்று அமினோ அமிலங்களைச் சரமாகக் கோக்கும். அடுத்த நொதி, தன்னிடமுள்ள ஓர் இரும்பு அணுவையும் ஆக்சிஜனையும் கொண்டு அந்தச் சரத்தை வளையமாக மடக்கிவிடும். அஃப்ளடாக்ஸின் பூஞ்சையோ இரண்டிரண்டு கார்பன் அணு கொண்ட துண்டுகளை ஒட்டி ஒட்டி நீட்டி, பல நொதிகளால் செதுக்குகிறது. அந்த நஞ்சுக்குக் கடைசிக் கூர் தீட்டுவது நம் கல்லீரலின் நொதி! அது ஓர் ஆக்சிஜனைச் சேர்த்த பிறகுதான் நஞ்சு டிஎன்ஏவில் போய் ஒட்டும்.

சரி, உங்கள் தடிப்புக்கு வருவோம். பென்சிலின் வளையம் இழுத்துக் கட்டிய வில்போல இறுக்கமானது. பாக்டீரியா தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் நொதியில் பட்டதும் படக்கென்று திறந்து ஒட்டிக்கொள்ளும், நொதி முடங்கும். பூஞ்சைக்கு அந்தச் சுவர் இல்லை. நீங்கள் விழுங்கியது அதை ஒன்றும் செய்திருக்காது. ஆனால் அதே வளையம் உங்கள் ரத்தப் புரதங்களிலும் ஒட்டும். சிலருடைய உடம்பு அதை எதிரியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். அவர்களுக்கு அடுத்த முறை தடிப்போடு நிற்காமல் போகலாம். உதடோ நாக்கோ வீங்கினால், தொண்டை அடைத்தால், மூச்சு இரைத்தால், தலை சுற்றி விழப்போனால் உடனே அவசரச் சிகிச்சைக்கு ஓட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மீதிக் காப்ஸ்யூலை இனித் தொடாதீர்கள். பல் மருத்துவர் உட்பட யாரிடம் போனாலும் இதைச் சொல்லுங்கள். "எனக்குப் பென்சிலின் ஆகாது" என்று நீங்களே முத்திரையும் குத்திக்கொள்ள வேண்டாம். அப்படி நினைத்திருப்பவர்களில் பெரும்பாலானோருக்குச் சோதித்துப் பார்த்தால் ஒவ்வாமை இருப்பதில்லை. ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். காப்ஸ்யூல் போட்டு எத்தனை நிமிடத்தில் தடிப்பு வந்தது என்பதை மூன்று பக்கத்தில் எங்கும் காணோம். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான், யோசித்து வையுங்கள்.