கருப்பட்டி சீனியில் சேராதா?

கேள்வி: எங்கள் அப்பத்தா சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். சீனியைத் தொடவே மாட்டார். ஆனால் ஆடியில் கும்மாயம் கிண்டினால், "கருப்பட்டிதானே, ஒன்றும் செய்யாது" என்று மூன்று உருண்டை சாப்பிட்டுவிடுகிறார். கருப்பட்டி சீனியில் சேராதா?
- வாசகி, காரைக்குடி

பதில்: சேரும் அம்மா. நிறமும் மணமும்தான் வேறு. கரும்புச் சாற்றிலும் பதநீரிலும் இனிப்பது சுக்ரோஸ் என்ற ஒரே பொருள். கருப்பட்டியில் தாது உப்புகள் கொஞ்சம் கூடுதல். அதற்காகச் சர்க்கரை ஏறாமல் இருக்காது.

சுக்ரோஸ் ஓர் இரட்டைச் சர்க்கரை. குளுக்கோஸ் ஒன்றும் ஃபிரக்டோஸ் ஒன்றும் இணையும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு கழிந்துபோகிறது. மிஞ்சுவது 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள். பாலிலுள்ள லாக்டோசுக்கும், முளைகட்டிய கேழ்வரகில் உண்டாகும் மால்டோசுக்கும் இதே கணக்குதான், ஜோடிதான் மாறுகிறது. லாக்டோசில் குளுக்கோசுடன் கேலக்டோஸ். மால்டோசில் இரண்டுமே குளுக்கோஸ்.

சுக்ரோசின் இந்த இணைப்பு எதற்கு உடையும் என்பது நம் அடுப்படிக்குத் தெரியும். சீனிப்பாகு பூத்துப்போகாமல் இருக்க ஆச்சிமார் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவார்கள். புளிப்பும் சூடும் சேர்ந்து சுக்ரோசில் ஒரு பகுதியைப் பிளந்துவிடும். பிரிந்தவை ஊடே புகுந்துகொள்வதால் மிச்சமுள்ளது படிகமாகக் கூடுவதில்லை. பனையேறி செய்வது இதற்கு நேர்மாறு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிய பிறகே அதைப் பாளையில் கட்டுகிறார். அதனால் பதநீர் புளிக்காமல், சுக்ரோஸ் உடையாமல் அடுப்புக்கு வந்து சேர்கிறது. புளித்த பதநீரை எவ்வளவு காய்ச்சினாலும் பாகு சரியாக இறுகாது. நீங்கள் தட்டி உடைக்கும் கருப்பட்டி அத்தனை கெட்டியாக இருக்கிறதென்றால், சுக்ரோஸ் அதில் நிறைந்திருக்கிறது என்று பொருள்.

அப்பத்தாவின் சிறுகுடலில் அதைப் பிளக்க எலுமிச்சை தேவையில்லை. அங்குள்ள நொதி ஒன்று அந்த வேலையைச் செய்துவிடும். பிரிந்த குளுக்கோஸ் இரத்தத்தில் ஏறும். சீனி போட்டாலும் அப்படித்தான், கருப்பட்டி போட்டாலும் அப்படித்தான். கும்மாய மாவிலுள்ள பச்சரிசியின் மாவுச்சத்தும் மால்டோசாக உடைந்து கடைசியில் குளுக்கோசாகத்தான் முடிகிறது. ஆகவே கருப்பட்டியை மட்டும் குறைத்துப் பயனில்லை. உருண்டையின் அளவும் எண்ணிக்கையும் குறைய வேண்டும்.

அதற்காக அவர் கையிலிருந்து பறித்துவிடாதீர்கள். எத்தனையோ ஆடி மாதம் வீட்டுக்கே கிண்டிக் கொடுத்த கை அது. எவ்வளவு சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அவர் சம்மதித்தால் ஒன்று போதும். அதையும் மதியச் சாப்பாட்டோடு, சோற்றைக் குறைத்துக்கொண்டு சாப்பிடட்டும். இனிப்பு சாப்பிடுகிறோமே என்று மாத்திரையை நீங்களாகக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். வீட்டில் பரிசோதனைக் கருவி இருந்தால் இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அதில் வரும் எண்ணை அப்பத்தாவிடமும் காட்டுங்கள். கையில் நெய் தொட்டு உருண்டை பிடிக்கும் வேலையை அவரிடமே விடுங்கள். தமக்கான உருண்டையை நெல்லிக்காய் அளவில் அவரே பிடித்துக்கொள்ளட்டும்.