மதர்போட் மாற்றியபின் நீலத் திரை: ஃபோர்மட்டுக்கு அவசரப்படாதீர்கள்
நிலாவெளியில் உப்புக் காற்றுப் பட்டு மதர்போட் பச்சை பிடித்ததால் போட்டையும் புரொசசரையும் மாற்றினேன், இப்போது நீலத் திரையில் ‘இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்’ (விண்டோஸ் உள்ள டிஸ்க்கை அணுக முடியவில்லை) என்று வருகிறது என எழுதியிருந்தீர்கள். மகளின் படங்கள் அந்த டிஸ்க்கில்தான் என்கிறீர்கள். அதனால் தம்பி, முதலில் அதைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி, படங்களைப் பிரதி எடுங்கள். இதைச் செய்யாமல் வேறெதிலும் கை வைக்க வேண்டாம்.

அப்புறம் பயோஸுக்குள் (கணினி எழும்பும்போது திறக்கும் போட்டின் அமைப்புப் பக்கம்) போய் சாட்டா மோடைப் பாருங்கள், டிஸ்க்கோடு போட் எந்த முறையில் பேசுகிறது என்பதைச் சொல்லும் அமைப்பு அது. அதில் பழைய போட்டில் ஏஎச்சிஐ, புதியதில் ரெய்ட் என்ற வேறு முறை என்றிருந்தால் இந்தத் திரைதான் வரும். ஏஎச்சிஐக்கு மாற்றினால் பெரும்பாலும் விண்டோஸ் எழும்பிவிடும்.

ஆனாலும் படங்களைப் பிரதி எடுத்தபின் விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது என்பேன், பழைய போட்டுக்கான டிரைவர்கள் (பாகங்களை இயக்கும் மென்பொருள்) பிறகு தொல்லை தரலாம். விண்டோஸ் போடும் ஃபைல்களை ஏற்ற 8 ஜிபி பென் டிரைவ் போதும். போடும்போது மற்ற டிஸ்க்குகளின் வயரைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸை எழுப்பும் பூட் ஃபைல் அவற்றில் போய் உட்காரக்கூடும்.

விண்டோஸ் லைசன்ஸ் கணினியோடு வந்த ஓஇஎம் என்றால் அது பழைய போட்டோடு போய்விட்டது. தனியாக வாங்கிய ரீடெயில் என்றால் புதியதற்கு மாற்றலாம். புது போட்டின் லேன் (வயர் இணைய இணைப்பு) டிரைவரையும் அதே பென்னில் போட்டு வையுங்கள், சில நேரம் விண்டோஸ் அதை அடையாளம் காணாது.