புது டேப்லெட்டில் எதை வைப்பது, எதை எடுப்பது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. பிறந்தநாளுக்கு மகள் 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். வந்த உற்சாகத்தில், ‘கட்டாயம் இருக்க வேண்டிய செயலிகள்’ என்று வீடியோக்களில் சொன்னதையெல்லாம் இறக்கிவிட்டேன். 40க்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு தடவை திறந்து பார்த்தேன், அவ்வளவுதான். போனில் வருகிற அதே வாட்ஸ்அப் செய்தி இப்போது இதிலும் ஒரு தடவை மணியடிக்கிறது. அதைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை. இது வெறும் பெரிய போன்தானா?

சின்னச் சின்னத் தொந்தரவுகளும் உண்டு. படுத்துக்கொண்டு படித்தால் திரை தானாகப் புரண்டுவிடுகிறது. மகளுடன் வீடியோவில் பேசினால், “அப்பா, எங்கே பார்க்கறீங்க?” என்கிறாள். பழைய போன் சார்ஜரில் போட்டால் ராத்திரி முழுக்க ஏறிக்கொண்டே இருக்கிறது. தமிழில் தட்டச்சு செய்யக் கட்டைவிரல் எட்டவில்லை. பேத்தி கொஞ்ச நேரம் வாங்கி வைத்திருந்தால் எதையாவது மாற்றிவிடுகிறாள். என்னிடம் பழைய தமிழ் நூல்களின் பிடிஎஃப் நிறைய இருக்கின்றன, படிக்க இது வசதியாக இருக்கும் என்று நினைத்தேன், அதிலும் கண் வலிக்கிறது. எந்தச் செயலியை வைத்துக்கொள்ளலாம், எதை நீக்கலாம்?

அன்புடன்,
ஒரு வாசகர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசியிலிருந்து தொடங்குகிறேன். பழைய நூல்களின் பிடிஎஃப் நிறைய இருக்கிறது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், ஆனால் உங்களுக்கு டேப்லெட் எதற்கு என்பதற்கான பதில் அதுதான். அந்த ஒரு வேலைக்காக மட்டுமே இதை வைத்துக்கொண்டாலும் தகும். மற்ற செயலிகளை அப்புறம் பார்க்கலாம்.

பிடிஎஃப் என்பது அச்சுப் பக்கத்தின் அமைப்பை அப்படியே பிடித்து வைத்திருக்கும் வடிவம். அதில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது, பக்கம் மொத்தமும்தான் பெரிதாகும். அதனால் போனில் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் ஏ4 பக்கம் போனின் அகலத்துக்குள் அடங்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், 11 அங்குலத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் சுமார் 70 சதவீத அளவில் தெரியும். ஆனால் பழைய தமிழ் நூல்களில் பெரும்பாலானவை ஏ4 கிடையாது, டெமி அல்லது கிரவுன் அளவு. டெமி நூலின் அகலம் சுமார் 14 சென்டிமீட்டர், உங்கள் திரையின் அகலமும் கிட்டத்தட்ட அதேதான்! அதாவது அந்தப் புத்தகத்தை அச்சான அளவிலேயே படிக்கிறீர்கள். இது போனில் எந்தச் செயலியைப் போட்டாலும் கிடைக்காத விஷயம்.

அப்படியானால் கண் ஏன் வலிக்கிறது? மூன்று காரணங்கள் இருக்கலாம் என்று நினைக்கிறேன். முதலாவது, ஸ்கேன் செய்தபோது பக்கத்தைச் சுற்றி நிறைய வெற்றிடம் விட்டிருப்பார்கள், மேசையின் ஓரம்கூடச் சில பிரதிகளில் தெரியும், அதனால் எழுத்து தேவையில்லாமல் சிறுத்துப்போகிறது. ஓரத்தை வெட்டிக் காட்டும் செயலியில் திறந்தால் எழுத்து நன்றாகவே பெரிதாகும். லிப்ரேரா என்ற செயலியில் அந்த வசதி உண்டு. கோரீடர் என்று இன்னொன்று, இலவசம், திறந்த மூலம் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), என் கணக்கில் ஸ்கேன் செய்த நூல்களுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஓரத்தை வெட்டும், மங்கிய அச்சைக் கறுப்பாக்கிக் காட்டும், தேவைப்பட்டால் ஸ்கேன் பக்கத்தின் வரிகளையே பிரித்துத் திரைக்கு ஏற்றபடி அடுக்கித் தரும் (இந்தக் கடைசி வேலை தமிழ் எழுத்தில் சில சமயம் பிசகும், பழுப்பேறிய பக்கமாக இருந்தால் இன்னும் பிசகும்). பிளே ஸ்டோரில் தேடாதீர்கள், எஃப்-டிராய்டு என்ற திறந்த மூலச் செயலிக் களஞ்சியத்தில் கிடைக்கும்.

இரண்டாவது வெளிச்சம். தானியங்கி வெளிச்சம் அறையின் ஒளியைப் பார்த்து முடிவு செய்கிறது, நீங்கள் வீடியோ பார்க்கிறீர்களா வெள்ளைப் பக்கம் படிக்கிறீர்களா என்பது அதற்குத் தெரியாது. படிக்கும்போது கையாலேயே குறைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தின் வெள்ளை அறையின் சுவரைவிடப் பளிச்சென்று தெரியக் கூடாது. மூன்றாவது, டேப்லெட்டைப் படுக்கை வாட்டில் (நீளப் பக்கம் கிடையாக) வைத்துப் படிக்கிறீர்களோ என்று சந்தேகம். நிமிர்த்திப் பிடியுங்கள்.

இன்னொன்று. நூல் ஈபப் என்ற மின்னூல் வடிவில் கிடைத்தால் பிடிஎஃபை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியங்கள் யூனிகோடில் (எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில்) கிடைக்கின்றன, தேடலாம், ஒரு பாட்டைத் தொட்டு நகலெடுக்கலாம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த பிடிஎஃப்களில் ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறிகளாக வருமே, பார்த்திருப்பீர்கள், அது டேப்லெட்டின் குறை இல்லை. படிப்பதற்கு அந்தக் கோப்புகளும் போதும், தேடத்தான் முடியாது.

சரி, அந்த 40 செயலிகள். ‘வெறும் பெரிய போன்தானா’ என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிச் செயலிகளைப் பொறுத்தவரை ஆமாம், உங்களுக்குத் தோன்றியது உண்மை. டேப்லெட்டுக்கென்றே ஆண்ட்ராய்டு 3.0 வந்தது 2011இல். ஆனால் செயலி செய்கிறவர்கள் போனை மனதில் வைத்தே செய்துகொண்டிருந்தார்கள், கூகுள் மறுபடி பெரிய திரைக்கென்று 12எல் என்ற பதிப்பைக் கொண்டுவர 2022 ஆகிவிட்டது. ஐபேடு பக்கமும் இதே கதைதான். ஐபேடு வந்தது 2010இல், அதற்கு ஆப்பிளின் சொந்தக் கால்குலேட்டர் வந்தது 2024இல், இன்ஸ்டாகிராம் தனிச் செயலி வந்தது 2025இல். இத்தனை வருடம் கண்ணாடிப் பலகையைப் பெரிதாக்கிக்கொண்டே போனவர்கள் அதற்குள் என்ன வைப்பது என்று யோசிக்கவே இவ்வளவு தாமதித்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அதனால் ஒவ்வொரு செயலியையும் திறந்து டேப்லெட்டைப் படுக்கை வாட்டில் திருப்பிப் பாருங்கள். இடது பக்கம் பட்டியல், வலது பக்கம் விஷயம் என்று இரண்டாகப் பிரிந்தால் அதை டேப்லெட்டை நினைத்துச் செய்திருக்கிறார்கள். ஒரே பத்தி இழுத்து விட்ட மாதிரி நீண்டாலோ, நடுவில் ஒரு போன் அளவுக்கு நின்று இருபுறமும் கறுப்பாக இருந்தாலோ அது போன் செயலிதான், நீக்கிவிடலாம். அதன் சேவை வேண்டுமென்றால் பிரவுசரில் அவர்களுடைய இணையதளத்தைத் திறந்து பாருங்கள், பல நேரம் செயலியைவிட நன்றாக இருக்கும். செய்தித் தளங்களுக்கும் வீட்டுக்குப் பொருள் வாங்கும் தளங்களுக்கும் நான் செயலியே வைப்பதில்லை.

வேகமாக்குகிறேன், குப்பையைச் சுத்தம் செய்கிறேன், பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்கிற செயலிகள் அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்கும். யோசிக்காமல் நீக்குங்கள். மெமரியை ஆண்ட்ராய்டு தானே பார்த்துக்கொள்கிறது. அடுத்த முறை சீக்கிரம் திறக்க வேண்டும் என்றுதான் சில செயலிகளை அது மெமரியில் விட்டு வைக்கிறது, அதை இவர்கள் துடைத்துவிட்டால் திரும்பத் திறக்க நேரமும் பேட்டரியும் கூடுதலாகச் செலவாகும். இடையிடையே விளம்பரம் வேறு.

முக்கியமான ஒன்று, தயவுசெய்து இன்றே பாருங்கள். ‘7 நாள் இலவசம்’ என்று சொல்லிக் கார்டு விவரம் கேட்ட செயலி எதையாவது ஒப்புக்கொண்டிருந்தால், செயலியை நீக்குவதால் அந்தச் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, கட்டணங்களும் சந்தாக்களும் என்ற இடத்துக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். முதலில் ரத்து, அப்புறம் நீக்கம்.

வாட்ஸ்அப்பை டேப்லெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. போனில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்திலேயே டேப்லெட்டை வெளியேற்றிவிடலாம். ஒரே செய்திக்கு இரண்டு இடத்தில் மணியடிப்பதால் யாருக்கும் லாபமில்லை, படித்துக்கொண்டிருந்த பக்கம்தான் போகிறது. மின்னஞ்சலை வைத்துக்கொள்ளலாம், நீளமாகப் பதில் எழுத வசதி, ஆனால் அறிவிப்பை அணைத்து வையுங்கள். மகளுடன் வீடியோவில் பேச ஏதாவது ஒன்று மட்டும் போதும்.

அந்த ‘எங்கே பார்க்கறீங்க’ விஷயம் கேமரா இருக்கும் இடத்தால் வருவது. பல டேப்லெட்டுகளில் முன்கேமரா குட்டையான விளிம்பில் இருக்கிறது, படுக்கை வாட்டில் நிறுத்தினால் அது பக்கவாட்டுக்குப் போய்விடும். நீங்கள் திரையின் நடுவில் மகளைப் பார்க்கிறீர்கள், கேமரா ஓரத்திலிருந்து உங்களைப் பார்க்கிறது. சாதாரண ஐபேடிலேயே 2022இல்தான் நீள விளிம்புக்கு மாற்றினார்கள். பேசும்போது நிமிர்த்தி வையுங்கள், சரியாகிவிடும்.

திரை புரள்வதும் அப்படித்தான். உள்ளே இருக்கும் முடுக்கமானி என்ற உணரிக்குப் புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும், உங்கள் முகம் எந்தப் பக்கம் என்று தெரியாது, நீங்கள் ஒருக்களித்துப் படுத்தால் டேப்லெட்டைத் திருப்பியதாக நினைத்துக்கொள்கிறது. மேலிருந்து இழுத்தால் வரும் பட்டியலில் தானியங்கிச் சுழற்சியை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகு திருப்பினால் ஓரத்தில் சின்னதாக ஒரு குறி தோன்றும், வேண்டுமானால் அதைத் தொட்டால் திரும்பும், இல்லாவிட்டால் பேசாமல் இருக்கும். இந்த வசதி ஆண்ட்ராய்டு 9இலிருந்தே உண்டு.

சார்ஜர் கணக்கு எளிது. இந்த அளவு டேப்லெட்டின் பேட்டரி சுமார் 30 வாட்-மணி இருக்கும், பழைய போன் சார்ஜர் 5 வாட் என்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகத்தான் செய்யும், நடுவில் பயன்படுத்தினால் இன்னும் இழுக்கும். டேப்லெட் ஏற்கும் வாட் அளவு கையேட்டில் இருக்கும், அதற்குப் பொருந்தும் சார்ஜர் போதும். 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி அமைப்புகளில் இருந்தால் போட்டு வையுங்கள். எப்போதும் நூறில் செருகியே வைத்திருப்பது லித்தியம் பேட்டரிக்கு நல்லதல்ல.

தமிழ்த் தட்டச்சுக்கு வருகிறேன், இதில் எனக்கு ஈடுபாடு அதிகம். கீபோர்டு திரையின் முழு அகலத்துக்கும் விரிந்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுவில் எட்ட முடியாதுதான். கூகுளின் கீபோர்டுச் செயலியான ஜிபோர்டில் ‘மிதக்கும் கீபோர்டு’ என்று ஒன்று உண்டு, போன் அளவுக்குச் சுருங்கும், கட்டைவிரலுக்குப் பக்கமாக இழுத்து வைத்துக்கொள்ளலாம். அப்புறம், அதிலேயே தமிழைக் கையெழுத்தாக எழுதும் வசதியும் இருக்கிறது, அதைக் கட்டாயம் ஒரு தடவை முயன்று பாருங்கள். போனில் இடம் போதாமல் ஒவ்வொரு எழுத்தாக எழுத வேண்டியிருக்கும், இங்கே முழுச் சொல்லையும் தாராளமாக எழுதலாம். குரலில் சொன்னாலும் தட்டச்சாகும், ஒற்று விடுபடும், பார்த்துத் திருத்த வேண்டும். டேப்லெட்டை மேசையில் வைத்துப் பத்து விரலாலும் எழுதுகிறவர் என்றால் செல்லினம் என்ற தமிழ்க் கீபோர்டுச் செயலியைப் போட்டுத் தமிழ்99 என்ற விசை அமைப்பைப் பழகுங்கள். உயிரெழுத்து இடக்கைக்கும் மெய்யெழுத்து வலக்கைக்கும் பிரிந்திருப்பதால் கை மாறி மாறிப் போகும், பழகிய பிறகு யோசித்து நிற்காமல் எழுதலாம்.

பிடிஎஃபின் ஓரத்தில் குறிப்பு எழுத ஆசைப்பட்டால் ஸ்டைலஸ் (திரையில் எழுதும் பேனா) வாங்குவதற்கு முன் டேப்லெட் எந்த வகையை ஏற்கும் என்று பாருங்கள். ரப்பர் முனை உள்ள சாதாரணக் குச்சி எல்லாத் திரையிலும் வேலை செய்யும், ஆனால் விரல் மாதிரிதான், மெல்லிய கோடு வராது, உள்ளங்கை பட்டாலும் கிறுக்கும். கையை ஊன்றி எழுத வேண்டுமென்றால் திரையே பேனாவை அடையாளம் காணும் வகை வேண்டும், அது எல்லா டேப்லெட்டிலும் கிடையாது. குறிப்பு எழுதும்போது மூலக் கோப்பின் ஒரு நகலில் எழுதுங்கள்.

பேத்திக்கு: ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் கணக்குகள் வைக்கலாம், 2012இலிருந்து உள்ள வசதி, ஐபேடில் வீட்டு உபயோகத்துக்கு இன்னும் இது கிடையாது. அமைப்புகளில் ‘பயனர்கள்’ என்று தேடுங்கள். அவளுக்குத் தனிக் கணக்கு போட்டுக் கொடுத்தால் அவள் எதை மாற்றினாலும் உங்கள் பக்கம் மாறாது. சில தயாரிப்பாளர்கள் இதை எடுத்துவிடுகிறார்கள். அப்படியிருந்தால் ஒரு செயலியைத் திரையில் பூட்டி வைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள், வெளியேறப் பின் எண் கேட்கும்படி வைத்தால், அது தெரியாமல் அவளால் வெளியே வர முடியாது. அவள் கணக்கில் கிரிட்டா என்ற ஓவியச் செயலியைப் போட்டுக் கொடுங்கள், இலவசம், விளம்பரம் இல்லை, பெரியவர்களே ஓவியம் வரையப் பயன்படுத்துவது. கூடவே ஸ்டெல்லேரியம். ராத்திரி மொட்டை மாடியில் நின்று வானத்தை நோக்கிப் பிடித்தால் எது வியாழன், எது ரோகிணி என்று சொல்லும். சில டேப்லெட்டுகளில் திசை அறியும் காந்தமானி இருக்காது, அப்படியானால் படம் தானாகத் திசை திரும்பாது, விரலால் நகர்த்திப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் இந்தத் திரையில் அழகாகத்தான் இருக்கும்.

கோரீடர் முதலில் கொஞ்சம் மிரட்டும். திரையின் மேல் பகுதியைத் தொட்டால் ஒரு பட்டியல், கீழ்ப் பகுதியைத் தொட்டால் இன்னொன்று வரும். ஓரம் வெட்டுவதும் அச்சைக் கறுப்பாக்குவதும் கீழே இருக்கும். ஏதாவது நூலில் சிக்கினால் அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.